யமாட்டோவுக்காகப் பேசுகிறவள்

ஊரப்பாக்கம்
9.11.2025

ஸ்டான்லி அண்ணனுக்கு,

உங்கள் எண்ணை என் போனில் பிளாக் செய்திருக்கிறேன். கைதவறி நடந்ததென்று நினைத்து ரூத் அண்ணி போனிலிருந்து கூப்பிட வேண்டாம். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு போனில் பேசினால் எனக்கு மூச்சு வாங்குகிறது. உங்கள் குரலைக் கேட்டால் கோபம் வருகிறது. இரண்டும் தொண்டைக்கு ஆகாது. சொல்ல வேண்டியதைக் கையால் எழுதித் தபாலில் போடுங்கள்.

போன வாரம் அண்ணி வந்திருந்தார். காபி ஆறும்வரை ஊர்க்கதை பேசிவிட்டுக் கடைசியில் சொன்னார்: "பொங்கல் பட்டிமன்றத்துல உன் பேர எடுத்துட்டு அந்த நாவலூர் பொண்ணு ஜெஸ்ஸி பேரக் குட்துக்கீறாரு உங்கண்ணன். நான் சொன்னேன்னு சொல்லிடாத." சொல்லிவிட்டேன்.

கல்பாக்கத்தில் உங்கள் குடியிருப்போர் மன்ற மேடையில் வருடா வருடம் நீங்கள் ஒரு அணி, நான் எதிரணி. மாமியாரா மருமகளா, பணமா குணமா என்று பேசிப் பேசி நமக்கே சலித்துப்போன நேரத்தில், கப்பல் பைத்தியமான நடுவர் தாமோதரன் சார் இந்த முறை போர்க்கப்பல் என்று தலைப்பு வைத்தார். ஜப்பானின் யமாட்டோவா, ஜெர்மனியின் எம்டனா? ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்தே படிக்க ஆரம்பித்தேன். பேச முடியாதபோது எனக்கு இருந்த ஒரே வேலை அதுதான். அதையும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எடுத்து வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

என் இடம் எனக்கு வேண்டும். காணும் பொங்கலன்று அந்த மேடையில் நான் பேசுவேன். யமாட்டோவுக்காகப் பேசுவேன்.

அன்பரசி

*

கல்பாக்கம்
15.11.2025

அன்புத் தங்கை அன்பரசிக்கு,

மைக்கைக் கையில் கொடுத்தால் மணி அடித்தாலும் விடாதவன் என்று ஊர் முழுக்க நீ கேலி பேசும் உன் பெரியப்பா மகன் ஸ்டான்லி எழுதுவது. இங்கு யாவரும் நலம். உன் அண்ணிக்கு என்னிடம் நலமில்லை, அதற்கும் நீதான் காரணம்.

நீ எழுதியதெல்லாம் சரி. ஆனால் நான் பார்த்ததையும் கொஞ்சம் கேள். போன மாதம் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது ரூத்திடம் ரசம் கேட்டாய். அவள் "இன்னா?" என்றாள். மறுபடி கேட்டாய். அவள் மறுபடியும் "இன்னாம்மா?" என்றாள். நீ எழுந்துபோய் நீயே ஊற்றிக்கொண்டாய். அப்போது உன் முகம் போன போக்கு இருக்கிறதே, அதை நான்தான் பார்த்தேன், ரூத் பார்க்கவில்லை. நம் ஊர்க் கூட்டத்தைப் பற்றி உனக்குத் தெரியாதா? பின்வரிசைப் பசங்கள் கேட்காவிட்டால் விசில் அடிப்பார்கள், அரை நிமிடம் பொறுக்க மாட்டார்கள். ஒரு காலத்தில் நீ பேச எழுந்தால் பஜ்ஜிக் கடைக்காரன்கூடக் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்பான். அந்த அன்பரசியைப் பார்த்து அவர்கள் சிரித்தால் எனக்குத் தாங்காது.

சரி, ஒரு வழி சொல்கிறேன், கோபப்படாமல் யோசி. எம்டனை எடுத்துக்கொள். கடைசியில் ஐந்து நிமிடம் பேசினால் போதும். சின்னக் கப்பல், சின்ன பீரங்கி. ஆனால் 1914-ல் இருட்டில் வந்து மதராஸ் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. இன்றைக்கும் விவரமான ஆளைப் பார்த்து "சரியான எம்டன்டா" என்கிறோம். பெயரைச் சொன்னாலே கை தட்டுவார்கள். நீ பாதி சொன்னால் மீதியைக் கூட்டமே சொல்லிவிடும், தொண்டைக்கும் சிரமமில்லை.

அண்ணன்
ஸ்டான்லி

*

ஊரப்பாக்கம்
21.11.2025

அண்ணனுக்கு,

சின்னக் குரலுக்குச் சின்னக் கப்பல். நல்ல ஜோடி பார்த்தீர்கள்.

கனத்த கவசமும் பெரிய பீரங்கியும் கொண்டதுதான் பேட்டில்ஷிப், எம்டன் அந்த ரகமே கிடையாது. அது லேசான குரூசர். வியாபாரக் கப்பல்களை விரட்டிப் பிடிக்கும், பெரிய கப்பலைப் பார்த்தால் ஓடும். அதில் தப்பில்லை, அதற்குத்தான் அதைக் கட்டினார்கள். கடைசியில் ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற குரூசர் வந்து எட்ட நின்றே அடித்தது, எம்டனின் குண்டு அவ்வளவு தூரம் சரியாக எட்டவில்லை. யமாட்டோவையும் எம்டனையும் ஒரே தராசில் வைப்பது நம் ஊரில் மட்டும்தான் நடக்கும். நாமெல்லாம் எம்டன் என்ற பெயரைக் கேட்டே வளர்ந்தவர்கள், அது என்ன ரகம் என்று ஒருவரும் கேட்டதில்லை. நடுவருக்குமா தோன்றவில்லை? கேட்டுப் பாருங்கள்.

பேச்சுப் பயிற்சிக்குச் செங்கல்பட்டுக்குப் போய்வருகிறேன். பொன்னி என்று ஒரு பெண் சொல்லித் தருகிறாள். இடது பக்கக் குரல்நாண் அசையவில்லை, அதனால் காற்று வீணாகிறது. கத்தவும் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. ஒரு மூச்சுக்கு ஒரு வாக்கியம். வாக்கியம் மூச்சுக்குள் அடங்க வேண்டும். நம் மேடைப் பேச்சு உங்களுக்குத் தெரியுமே, ஒரு வாக்கியம் ஊரப்பாக்கத்தில் ஏறினால் செங்கல்பட்டில்தான் இறங்கும். அதையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டேன்.

நீங்கள் பார்த்த முகம் ரசத்துக்காக அல்ல. ஒரு மனுஷி கேட்டதை மூன்றாம் தடவை கேட்க வேண்டியிருக்கிறதே என்ற ஆத்திரம் அது. அந்த ஆத்திரத்தோடுதான் தினமும் பயிற்சி செய்கிறேன்.

பரிதாபத்துக்கு விழும் கைதட்டல் எனக்கு வேண்டாம்.

அன்பரசி

*

கல்பாக்கம்
3.12.2025

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை அப்படியே தாமோதரன் சாரிடம் காட்டினேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். "ஏன்யா ஸ்டான்லி, நானே எம்டன்னு எழுதிக் குடுத்தேனா?" என்றார். வீடு முழுக்கக் கப்பல் படம் மாட்டி வைத்திருக்கும் ஆள், ஊர்ப் பாசத்தில் கோட்டை விட்டுவிட்டார். செயலாளர் ஹரிகிருஷ்ணனுக்குத்தான் துக்கம், போஸ்டரில் எம்டனுக்கு மூன்று புகைபோக்கி வரைந்து வைத்திருந்தானாம். தலைப்பு மாறிவிட்டது: யமாட்டோவா, வார்ஸ்பைட்டா?

வார்ஸ்பைட் இங்கிலாந்துக் கப்பல். 1916-ல் ஜட்லாண்டுச் சண்டையில் சுக்கான் சிக்கிக்கொண்டது. எதிரிப் படை முழுக்கப் பார்க்க ஒரே இடத்தில் வட்டம் அடித்தது, அடி மேல் அடி வாங்கியது, ஆனாலும் வீடு வந்து சேர்ந்தது. இரண்டாம் போரில் கிழடு என்று ஒதுக்கவில்லை, மத்தியதரைக் கடலில் ஓடுகிற இத்தாலியக் கப்பலை இருபத்துநான்கு கிலோமீட்டர் தள்ளி நின்று அடித்தது. பிறகு விமானத்திலிருந்து வழிகாட்டி இறக்கிய குண்டு அதன் வயிற்றைக் கிழித்தது. முழுசாகச் சரிசெய்யக்கூட நேரமில்லாமல், ஒரு பீரங்கிக் கூண்டு செத்துக் கிடக்கும்போதே நார்மண்டிக்குப் போய் நின்று சுட்டது. எழுதும்போதே எனக்குச் சிலிர்க்கிறது. இது உனக்கென்றே கட்டிய கப்பல் அன்பு. எடுத்துக்கொள். நான் யமாட்டோவைச் சுமக்கிறேன்.

இன்னொன்று. ஹரிகிருஷ்ணன் விடாப்பிடியாக இருக்கிறான். "அண்ணாத்த, அக்கா மேல எனக்கு மரியாத கீது. ஆனா ஒரு வாட்டி மைக்ல பேசிக் காட்டட்டும்" என்கிறான். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு மன்றத்துக்கு வருவாயா? வரச் சொல்வதற்கே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஸ்டான்லி

*

ஊரப்பாக்கம்
10.12.2025

அண்ணனுக்கு,

வருகிறேன். ஹரிகிருஷ்ணன் கேட்டதில் எனக்கு வருத்தமில்லை. ஒளிக்காமல் எனக்கு ஒரு நிபந்தனை வைத்தவன் அவன் ஒருவன்தான்.

வார்ஸ்பைட் வேண்டாம். முதலில் சின்னவளுக்குச் சின்னக் கப்பல் என்றீர்கள். இப்போது அடிபட்டவளுக்கு அடிபட்ட கப்பல். நான் வாயைத் திறக்குமுன்பே கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். அப்புறம் நான் என்ன பேசினால் யாருக்கு என்ன? ஜெயித்த கப்பலுக்கு யார் வேண்டுமானாலும் பேசலாம். உலகத்திலேயே பெரிய பீரங்கி வைத்திருந்தும் ஒன்றும் சாதிக்காத கப்பலுக்கு வாதாடுவதுதான் வாதம். யமாட்டோ என்னுடையது, வார்ஸ்பைட்டை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் வழக்கப்படி என் கப்பலின் ஓட்டைகளை நானே எழுதித் தருகிறேன். மேடையில் இவற்றை வைத்து அடியுங்கள்.

பயன்படுத்தத் தெரியாமல் பத்திரப்படுத்தியே வைத்தார்கள். பசிபிக் கடலில் ட்ரக் என்ற தீவில் நங்கூரம் போட்டுக் கிடந்ததைப் பார்த்து மாலுமிகளே 'ஓட்டல் யமாட்டோ' என்று கிண்டலடித்தார்கள். எண்ணெயைக் குடிக்கும் வயிறு. ரேடார் சுமார், அமெரிக்கர்களிடம் இருந்தது அதைவிடப் பல மடங்கு மேல். பக்கவாட்டுக் கவசத்தில் மேல் தகடும் கீழ்த் தகடும் சேரும் இடம் பலமில்லை, டார்பிடோ பட்டால் அங்கே விட்டுப்போகும். எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை கடைசிப் பயணம். 1945 ஏப்ரலில், தலைக்கு மேல் காவலுக்கு விமானம் இல்லாமல், அமெரிக்கர்கள் இறங்கியிருந்த ஒக்கினாவா தீவுக்கு அனுப்பினார்கள். எண்ணெய் ஒரு வழிக்குத்தான் ஊற்றினார்கள் என்பது கட்டுக்கதை, அதைச் சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள். திரும்பி வராது என்று எல்லோருக்கும் தெரியும் என்பது மட்டும் உண்மை. அமெரிக்க விமானங்கள் அதை மூழ்கடித்ததில் சுமார் மூவாயிரம் பேர் செத்தார்கள்.

அந்த மூவாயிரம் பேருக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. கண்டுபிடிப்பேன்.

அன்பரசி

*

கல்பாக்கம்
29.12.2025

அன்புத் தங்கைக்கு,

கிறிஸ்துமஸ் கேக் கிடைத்திருக்கும். முந்திரி கம்மி என்று ரூத்திடம் சொல்லாதே, முந்திரியைத் தின்றவன் நான்.

அன்றைக்கு மன்றத்தில் நீ பேசியதைப் பற்றி இப்போதுதான் எழுதுகிறேன். முடிந்ததும் நீ நேராகப் பஸ் ஏறிவிட்டாய். ஏழாவது நிமிடம் குரல் காற்றாகப் போனபோது நான் எழுந்து உன்னிடம் வரப் பார்த்தேன். நீ ஒரு விரலைக் காட்டி உட்கார வைத்தாய். தண்ணீர் குடித்தாய். விட்ட இடத்தில் பிடித்தாய். ஹரிகிருஷ்ணன் என் காதில், "அண்ணாத்த, புரியுது. ஆனா பயமா கீது" என்றான். கடைசியில் நீயேதான் வழி சொன்னாய்: ஜெஸ்ஸி முன்வரிசையில் தயாராக உட்காரட்டும், என்னால் முடியாவிட்டால் நானே அவளைக் கூப்பிடுகிறேன், வேறு யாரும் கூப்பிடக் கூடாது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் நீ முடிவு செய்த பிறகு நான் என்ன?

என் பங்குக்கு வார்ஸ்பைட்டின் ஓட்டைகள். ஜட்லாண்டில் படுத்திய சுக்கான் ஆயுள் முழுக்கப் படுத்தியது. வேகம் மணிக்கு இருபத்துநான்கு கடல் மைலைத் தாண்டாது, யமாட்டோ இருபத்தேழு. மேல்தளக் கவசம் விமான குண்டுக்குப் போதாது. யமாட்டோவின் நாற்பத்தாறு சென்டிமீட்டர் பீரங்கிக்கு முன்னால் இதன் முப்பத்தெட்டு வெறும் பேச்சு. நேருக்கு நேர் நின்றால் வார்ஸ்பைட் தாங்காது என்பதுதான் உண்மை, இதை மேடையில் நீ சொன்னால் நான் எப்படிச் சமாளிப்பேன் என்று தெரியவில்லை. போதுமா?

தாமோதரன் சார் உன்னைப் பற்றி விசாரித்தார். காணும் பொங்கலன்று ECR கடற்கரைச் சாலைப் பக்கம் வராதே, மாமல்லபுரத்துக்குப் போகிற கூட்டத்தில் பஸ் நகராது. செங்கல்பட்டில் இறங்கித் திருக்கழுக்குன்றம் வழியாக வா.

ஸ்டான்லி

*

ஊரப்பாக்கம்
19.1.2026

அண்ணனுக்கு,

தோற்றுவிட்டேன். தீர்ப்பில் எனக்கு மறுப்பில்லை. ஒரு கப்பலின் மதிப்பு அது செய்த வேலையில் என்று தாமோதரன் சார் சொன்னது சரி. முப்பது வருடம் உழைத்த வார்ஸ்பைட்தான் பெரியது. நான் நடுவராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

ஆனால் நீங்கள் செய்ததை நான் மன்னிக்கவில்லை.

நங்கூரம் போட்டுக் கிடந்ததைச் சொன்னீர்கள். ரேடாரைச் சொன்னீர்கள். 'ஓட்டல் யமாட்டோ'வில் என்ன டிபன் கிடைக்கும் என்று கேட்டுக் கூட்டத்தைச் சிரிக்க வைத்தீர்கள். கடைசிப் பயணத்தைச் சொல்லவில்லை. நான் கைப்பட எழுதிக் கொடுத்த பெரிய ஓட்டை. "நேரம் கருதி முடிக்கிறேன்" என்றீர்கள். நேரம் கருதி நீங்கள் இதுவரை முடித்ததே இல்லை. அதைச் சொன்னால் எனக்குப் பதில் இருக்காது, மேடையில் திணறிவிடுவேன் என்று நினைத்தீர்கள். எதிரே உட்கார்ந்திருந்த எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை பேர் முன்னால் எனக்குச் சாமரம் வீசினீர்கள்.

அதனால்தான் எழுந்ததும் சொன்னேன், எதிரணித் தலைவர் ஒன்றை விட்டுவிட்டார், அதை நானே சொல்கிறேன் என்று. அப்போதுதான் பின்னாலிருந்து ஒருவன், "யக்கா, கேக்கல" என்றான். உங்கள் கை நாற்காலியைப் பிடித்ததைப் பார்த்தேன். ஜெஸ்ஸி என்னைப் பார்த்தாள். நான் கூப்பிடவில்லை. "கேக்கலன்னா முன்னாடி வா. எடம் கீது" என்றேன். சிரித்தார்கள். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். அவனும் அவன் கூட்டாளிகளும் வந்து மேடைக்குக் கீழே தரையில் உட்கார்ந்தார்கள். அதன் பிறகு எனக்குப் பயமில்லை.

மூவாயிரம் பேருக்கு என் பதிலை அங்கே சொன்னேன். உங்களுக்குச் சரியாகக் கேட்டதா தெரியவில்லை, எழுதியே தருகிறேன்.

வேகத்தில் குறையில்லை. பீரங்கியில் குறையில்லை. இரு என்றார்கள், இருந்தது. போ என்றார்கள், போனது. உள்ளே மூவாயிரம் பேர். ஒருவரையும் கேட்கவில்லை. கேட்காமல் முடிவெடுத்தது கரையில் இருந்தவர்கள். அவர்கள் குறையைக் கப்பலின் தலையில் கட்டாதீர்கள்.

சொல்லும்போது நான் கூட்டத்தைப் பார்க்கவில்லை. உங்களைத்தான் பார்த்தேன்.

அன்பரசி

*

கல்பாக்கம்
26.1.2026

அன்புத் தங்கைக்கு,

கேட்டது. மேடையில் இருந்ததில் எனக்குத்தான் நன்றாகக் கேட்டது.

அன்றைக்கு மன்றத்திலிருந்து நானும் ரூத்தும் வீட்டுக்கு நடந்தே வந்தோம். செருப்பைக் கழற்றும்போது கேட்டாள்: "இன்னாத்துக்கு அத வுட்ட? அவ வுடச் சொல்லிக் கேட்டாளா?" கழற்றிய செருப்பை மறுபடியும் மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டேன். இத்தனை வருடம் எந்தத் தலைப்பு கொடுத்தாலும் இரண்டு பக்கமும் பேசுகிற வாய் இது. நான் செய்ததற்குப் பாசம் என்று பெயர் வைத்திருந்தேன். பயம் என்பதுதான் சரி. நீ திணறினால் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் முடியாது, அந்தப் பயம் எனக்கு. அதற்கு உன் இடத்தை எடுத்தேன், பிறகு உன் எதிரியாக நிற்கக்கூட மறுத்தேன். மன்னிப்புக் கேட்டு நான்கு பக்கம் எழுதினேன், படித்துப் பார்த்தேன், மேடைப் பேச்சு மாதிரியே இருந்தது, கிழித்துவிட்டேன்.

அதற்குப் பதிலாக ஒன்று கேட்கிறேன். செங்கல்பட்டில் ஒரு பள்ளியின் பழைய மாணவர்கள் பிப்ரவரி கடைசி ஞாயிறு பட்டிமன்றம் வைக்கிறார்கள். காணும் பொங்கலன்று வந்து கேட்டவர்கள் இரண்டு பேர் அந்தக் குழுவில் இருக்கிறார்கள், மறுபடியும் கப்பல்தான் வேண்டுமாம். இங்கிலாந்தின் ஹூடா, ஜெர்மனியின் பிஸ்மார்க்கா? நான் யார் பெயரையும் கொடுக்கவில்லை. எனக்கு எந்தக் கப்பல் என்றுகூட முடிவு செய்யவில்லை.

நீ பேசுகிறாயா அன்பு? எந்தப் பக்கம்? எவ்வளவு நேரம்? உன் விருப்பம் தெரிந்த பிறகுதான் அவர்களுக்குப் பதில் சொல்வேன்.

ஸ்டான்லி

*

ஊரப்பாக்கம்
31.1.2026

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேஜைமேல் வைத்திருந்தேன். பேசுகிறாயா என்று கேட்டிருந்த வரியை அடிக்கடி எடுத்துப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது.

என்னால் முடியாது.

பிப்ரவரி நடுவில் குரல்நாணில் ஊசி போடுகிறார்கள். குரல் கொஞ்சம் கெட்டிப்படும் என்கிறார்கள். ஆனால் போட்ட கையோடு மேடை ஏறக் கூடாது என்று பொன்னி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். என்னிடம் கேட்காமல் இதே முடிவை நீங்கள் எடுத்திருந்தால் உங்களோடு மல்லுக்கு நின்றிருப்பேன், ஊசியைத் தள்ளிப்போட்டாவது வந்திருப்பேன். இப்போது எனக்கு வருத்தம் மட்டும்தான் இருக்கிறது.

பிஸ்மார்க்கை நீங்கள் எடுங்கள். அதன் சுக்கானும் சிக்கிக்கொண்டதுதான், அது மட்டும் வீடு திரும்பவில்லை. ஏன் என்பதை யோசித்தால் உங்களுக்கு அரை மணி நேரம் பேச்சு கிடைக்கும். ஹூடை ஜெஸ்ஸி பேசட்டும். மேல்தளக் கவசம் மெலிது என்று கட்டியவர்களுக்கே தெரிந்த கப்பல், இருபது வருடம் உலகத்திலேயே அழகானது என்று பெயரெடுத்தது, பிஸ்மார்க்கோடு மோதிச் சில நிமிடத்தில் வெடித்துப் போனது. அதற்குப் பேசத் துணிச்சல் வேண்டும். அன்றைக்கு மாலை முழுக்க எனக்குப் பதிலாக எழுந்திருக்கத் தயாராக உட்கார்ந்திருந்தாள், ஒரு தடவைகூட எழுந்திருக்க ஆசைப்படவில்லை. அவளால் முடியும் என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் முதலில் அவளைக் கேளுங்கள்.

அன்பரசி